பாக்தாதின் மருத்துவத் தேர்வும் நம் பிள்ளைகளின் இயற்பியலும்

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. அப்பாஸியக் கலீஃபா முக்ததிரின் ஆட்சிக்காலம். பாக்தாதில் ஒரு மருத்துவரின் தவறான சிகிச்சையால் ஒருவர் உயிரிழந்த செய்தி கலீஃபாவின் செவிக்கு எட்டியது. ஸினான் இப்னு ஸாபித் என்னும் மூத்த மருத்துவர் சோதித்துச் சான்றளிக்காத எவரும் இனி மருத்துவம் பார்க்கலாகாது என்று அவர் ஆணையிட்டார். அரசவை மருத்துவர்களும் திறமையில் பெயர் பெற்றவர்களும் மட்டுமே விலக்குப் பெற்றனர். ஏனையோரில் 860-க்கும் மேற்பட்டவர்கள் தேர்வுக்கு வந்ததாக, மருத்துவர்களின் வரலாற்றை எழுதிய இப்னு அபீ உஸைபிஆ குறிப்பிடுகிறார்.

மருத்துவம் அறியாதவர் மருத்துவம் செய்து தீங்கு நேர்ந்தால் அவரே அதற்குப் பொறுப்பாவார் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூத், இப்னு மாஜா தொகுப்புகளில் உள்ளது. உயிரைக் கையாள்பவரின் அறிவு சோதிக்கப்பட வேண்டும் என்னும் எண்ணம் நமக்குப் புதிதன்று.

இன்றைய நீட் தேர்வின் முறை சரியா, தவறா என்பது வேறொரு விவாதம். அதன் 180 வினாக்களில் 45 இயற்பியலுக்கு உரியவை. உயிரியலை விரும்பிப் படிக்கும் பிள்ளைகளும் இங்கேதான் தயங்கி நிற்கிறார்கள். "மருத்துவம் படிக்கப் போகிறவருக்கு நெம்புகோலும் ஒளிவிலகலும் எதற்கு?" என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. இதற்கான விடையை ஸினானின் குடும்பத்திலிருந்தே தொடங்கலாம்.

தராசிலிருந்து முழங்கை வரை

ஸினானின் தந்தை ஸாபித் இப்னு குர்ரா (மறைவு 901) ஹர்ரான் பகுதியின் ஸாபியீன் சமூகத்தவர். மருத்துவர், கணித மேதை. சமமற்ற கரங்களையுடைய துலாக்கோலைப் பற்றி 'கிதாபுல் கரஸ்தூன்' என்னும் நூல் அவர் பெயரால் அறியப்படுகிறது. தாங்குபுள்ளிக்கு அருகில் தொங்கும் பெரிய எடையைத் தொலைவில் தொங்கும் சிறிய எடை எவ்வாறு சமன் செய்கிறது என்பதே அதன் ஆய்வு. அதன் வேர் ஆர்க்கிமிடீஸ் முதலான கிரேக்கர்களிடம் உள்ளது. நம் பிள்ளைகள் எழுதும் 'விசை × தூரம் = விசை × தூரம்' என்னும் சமன்பாடும் இதுவே.

இதை முழங்கையில் பொருத்திப் பாருங்கள். முழங்கை மூட்டே தாங்குபுள்ளி. கைத்தசை அம்மூட்டிலிருந்து சில சென்டிமீட்டர் தொலைவிலேயே எலும்பைப் பற்றியிருக்கிறது. உள்ளங்கையில் ஏந்திய பொருளோ ஒரு முழத் தொலைவில் உள்ளது. எனவே பொருளின் எடையைப் போல் பல மடங்கு விசையைத் தசை செலுத்த வேண்டியிருக்கிறது. எலும்பு மருத்துவருக்கு இது அன்றாடப் பாடம்.

அல்-பீரூனீ, மூக்கு வைத்த ஒரு பாத்திரத்தில் நீர் நிரப்பி, உலோகங்களையும் மணிகளையும் அதில் இட்டு, வழிந்த நீரை நிறுத்துப் பார்த்து ஒப்படர்த்தியைக் கணித்தார். மர்வ் நகரின் அல்-காஸினீ 1121-இல் எழுதிய 'மீஸானுல் ஹிக்மா' அவ்வளவீடுகளைப் பாதுகாத்தது. தங்கத்தில் கலப்படம் கண்டறிவதும் அத்தராசின் நோக்கங்களுள் ஒன்று. நிறுவையில் நீதி தவறாதீர்கள் என்று அர்ரஹ்மான் அத்தியாயம் எச்சரிப்பதை ஓதி வளர்ந்த சமூகத்திற்கு இந்த அக்கறை இயல்பானது. இன்று சிறுநீரின் ஒப்படர்த்தியைச் சோதிக்கும் ஆய்வகமும் அதே கணக்கைத்தான் செய்கிறது.

ஒளியும் கண்ணும்

984-ஆம் ஆண்டளவில் இப்னு ஸஹ்ல், எரிக்கும் கண்ணாடிகளையும் வில்லைகளையும் பற்றி எழுதிய நூலில், ஒளிவிலகலை இரு கோடுகளின் மாறாத விகிதமாக வரைந்து காட்டினார். டமாஸ்கஸிலும் தெஹ்ரானிலும் சிதறிக் கிடந்த அதன் ஏடுகளை இணைத்து, அவற்றின் பொருளை ருஷ்தீ ராஷித் 1990-இல் உலகுக்கு உணர்த்தினார். ஸ்நெல் இவ்விதியைக் கண்டது 1621-இல். படுகோணத்தின் சைனை விலகுகோணத்தின் சைனால் வகுத்தால் கிடைக்கும் ஒளிவிலகல் எண் இந்த விகிதமே. முழு அக எதிரொளிப்பு இதிலிருந்து பிறக்கிறது. அதைக் கொண்டுதான் ஒளியிழைகள் வழியாக இரைப்பையின் உட்புறத்தை மருத்துவர் காண்கிறார்.

பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், ஏழு பகுதிகளாக 'கிதாபுல் மனாளிர்' எழுதினார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்று யூக்ளிடும் தாலமியும் கூறியிருந்தனர். பேரொளியைப் பார்த்தால் கண் வலிக்கிறது. பார்வையை விலக்கிய பின்னும் அதன் தடம் நிற்கிறது. ஆகவே ஒளியே கண்ணுக்குள் வருகிறது என்று அவர் வாதிட்டார். காலின் தந்த கண்ணின் உடற்கூற்றியலையும் வடிவியலையும் ஒருசேரக் கற்றதால் இது அவருக்குக் கைகூடியது.

பெருமை பேசும்போதும் நீதி தவறலாகாது. காட்சியை உணரும் இடம் கண்ணின் வில்லை என்றே அவர் கருதினார். பிம்பம் விழித்திரையில் விழுகிறது என்பதை 1604-இல் விளக்கியவர் கெப்லர். சமன்பாடுகளின் இன்றைய குறியீட்டு வடிவமும் பிற்காலத்து ஐரோப்பியர் தந்தது. கிரேக்கரிடம் பெற்று, சோதித்து, திருத்தி, அடுத்தவரிடம் ஒப்படைத்ததே நம் முன்னோரின் சிறப்பு.

மனனமும் விளக்கமும்

ஸினானின் தேர்வைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. கண்ணியமான தோற்றமுடைய முதியவர் ஒருவர் வந்து பொற்காசுகளை முன்வைத்தார். தமக்குச் சரிவர எழுதப் படிக்கத் தெரியாது, குடும்பம் இத்தொழிலை நம்பியே இருக்கிறது என்றார். அறியாத நோய்க்குச் சிகிச்சை செய்யலாகாது, கடுமையான மருந்து தரலாகாது என்ற நிபந்தனையுடன் ஸினான் அவரை அனுமதித்தார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். ஆசிரியர் யார் என்று கேட்டபோது, அந்த முதியவரே தம் தந்தையும் ஆசிரியரும் என்றார். ஸினான் அதே நிபந்தனையை அவருக்கும் விதித்தார்.

அறிந்ததன் எல்லையை அறிவதே அந்நிபந்தனையின் சாரம். குர்ஆனை மனனம் செய்யும் நம் பிள்ளைகளுக்கு நினைவாற்றல் குறைவில்லை. ஆனால் பொருள் அறியாமல் மனனம் செய்த சூத்திரம், வினா சற்றே மாறினால் கைவிட்டுவிடும். ஒவ்வொரு சமன்பாட்டிடமும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பழக்குங்கள். இதிலுள்ள ஒவ்வோர் எழுத்தும் எதை அளக்கிறது? எந்தச் சூழலில் இது பொருந்தும்? ஓர் அளவை இரட்டித்தால் மற்றது என்னவாகும்? இவற்றை வீட்டில் கேட்பதற்குப் பெற்றோர் இயற்பியல் படித்திருக்கத் தேவையில்லை. பிள்ளை விளக்கத் தடுமாறும் இடமே மீண்டும் படிக்க வேண்டிய இடம்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதனால் பிறர் நோய் தீர்க்கும் வாய்ப்பையும் அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.