புயலுக்குக் கூண்டு உண்டு, சுனாமிக்கு?

ஐப்பசி, கார்த்திகை பிறந்துவிட்டால் நம் பக்கத்து நாளிதழ்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். தூத்துக்குடி துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது என்று. ஆதிச்சநல்லூரில் இருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனாலும் கூண்டு ஏறிய சேதி கேட்டால் எங்கள் ஊர்ப் பெரியவர்கள் முதலில் தாமிரபரணியைத்தான் போய்ப் பார்ப்பார்கள், தண்ணீர் கலங்கி வருகிறதா என்று.

கூண்டு என்றதும் கிளிக்கூண்டு மாதிரி ஒன்றை நினைத்துக்கொள்ளும் இளைஞர்கள் உண்டு. கூம்பாகவும் உருளையாகவும் செய்த அடையாளங்களைக் கொடிமரத்தில் ஏற்றுவார்கள், அவ்வளவுதான். இரவானால் விளக்கு. மொத்தம் 11 எண்கள். இந்த ஏற்பாடு பிறந்தது கல்கத்தாவில். 1864 அக்டோபரில் அங்கே அடித்த புயலில் சுமார் 60,000 பேர் செத்துப்போனார்கள். மறு ஆண்டே, 1865-இல், கல்கத்தா துறைமுகத்தில் புயல் எச்சரிக்கை தொடங்கியது. இந்திய வானிலைத் துறை என்று ஒன்று வந்ததே அதற்குப் பத்து ஆண்டு கழித்து, 1875-இல்தான்.

ஆக, புயலுக்கு நூற்றைம்பது ஆண்டுக்கு மேலான ஏற்பாடு இருக்கிறது. ஆனால் ஏற்பாடு இருந்தும் சேதி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை நம் வயதுக்காரர்கள் பார்த்திருக்கிறோம். 1964 டிசம்பர் 22 இரவு. புயல் இருப்பது வானிலைத் துறைக்குத் தெரியும். பாம்பனில் இருந்து தனுஷ்கோடிக்குப் போன பயணிகள் ரயிலின் ஓட்டுநருக்குக் கடல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தெரியாது. சிக்னல் வேலை செய்யவில்லை. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்பார்கள். நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அந்த வண்டி கடலுக்குள் போயிற்று.

சுனாமி விஷயத்தில் இதைவிட வேடிக்கை, அல்லது வேதனை. 2004-க்கு முன்னால் இந்தப் பக்கம் சுனாமி என்றால் யாருக்குத் தெரியும் என்று எல்லாரும் சொல்கிறோம். ஆனால் கடல் எழுத்திலேயே நமக்கு நோட்டீஸ் கொடுத்திருக்கிறது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிகோபார் அருகே பெரிய நிலநடுக்கம். அதில் கிளம்பிய அலை வங்கக் கடலைச் சுற்றியிருந்த துறைமுகங்களின் அலைமானிகளில் பதிவாயிற்று. நாகப்பட்டினமும் அவற்றில் ஒன்று. இரண்டு ஆண்டு கழித்து, 1883 ஆகஸ்ட் 27-இல் கிரகடோவா எரிமலை வெடித்தது. ஜாவா, சுமத்ரா கரைகளில் 36,000 பேர் மாண்டார்கள். அதன் அதிர்வும் நம் கரை அலைமானிகளில் ஏறியது. சர்வே துறையில் அலைப் பதிவுகளைக் கவனித்து வந்த மேஜர் பேர்ட் என்ற வெள்ளைக்காரர், அவற்றைத் தொகுத்து 1884-இல் லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரையாகவே போட்டுவிட்டார்.

இரண்டு தடவையும் நம் கரையில் அலை ஆள் உயரம்கூட வரவில்லை. பதிவேட்டை மூடி அலமாரியில் வைத்துவிட்டோம். எங்கள் ஊர்ப் பரம்பில் 2004-இல்தான் தொல்லியல் துறை, அலெக்சாண்டர் ரீ தோண்டியதற்கு நூறு ஆண்டு கழித்து, மறுபடி குழி போட்டுத் தாழிகளை எடுத்தது. பல நூற்றாண்டுக்கு முந்தைய தாழியைத் தேடிப் பிடித்த அதே ஆண்டில், வெறும் 123 ஆண்டுக்கு முந்தைய கடல் கணக்கு யாருக்கும் ஞாபகம் இல்லை.

அந்த டிசம்பர் 26-இன் நேரக் கணக்கைப் பாருங்கள். சுமத்ரா அருகே பூமி ஆடியது நம் நேரப்படி காலை 6.28-க்கு. பதினைந்து நிமிடத்தில் ஹவாயில் உள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் குறிப்பு வெளியிட்டது. அளவு 8 என்று குறைத்துக் கணித்து, பசிபிக் நாடுகளுக்கு ஆபத்தில்லை என்றது. இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குச் சேதி சொல்ல அவர்களிடம் ஏற்பாடு கிடையாது. அந்த மையமும் 1946-இல் ஹவாய்த் தீவில் அலை ஏறிச் சாவு விழுந்த பிறகு, 1949-இல் வந்ததுதான். எட்டு மணிக்கு முன்பே கார் நிகோபார் விமானப்படைத் தளத்தில் இருந்து, தீவில் தண்ணீர் ஏறுகிறது என்று சென்னைக்குத் தகவல் வந்துவிட்டது. டில்லியிலோ, எச்சரிக்கை ஃபேக்ஸ் பழைய அமைச்சரின் முகவரிக்குப் போனதாகப் பத்திரிகைகள் எழுதின.

ஒன்பது மணியை ஒட்டி அலை சென்னைக்கு வந்தது. தூத்துக்குடி துறைமுக அலைமானியில் அது பதிவாக மேலும் ஒரு மணி நேரம் போல ஆயிற்று. குமரிமுனையைச் சுற்றிக்கொண்டு மணக்குடிக்கும் குளச்சலுக்கும் போனதும் சென்னைக்குப் பிறகுதான். அதாவது மெரினாவில் ஆட்கள் போன பிறகும் குளச்சலுக்குச் சொல்ல நேரம் இருந்தது. குமரி மாவட்டத்தில் மட்டும் சுமார் 800 பேர். நாகப்பட்டினத்தில் ஆறாயிரத்துக்கு மேல். நம் மாவட்டத்தில் உயிர்ச்சேதம் விரல் விட்டு எண்ணக்கூடியது. திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியதை ஜனங்கள் போய் நின்று பார்த்தார்கள். செந்திலாண்டவன் காப்பாற்றினான் என்று சொல்பவர்களோடு எனக்கு வழக்கில்லை. பூகோளம் சொல்வது, இலங்கை நமக்குக் கிழக்கே மதில் மாதிரி நின்று அடியை வாங்கிக்கொண்டது. அங்கே முப்பதாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் வந்தது. 2007 அக்டோபர் 15-இல் முறைப்படி தொடங்கியது. வேலை செய்யும் விதம் எளிது. நிலநடுக்க அதிர்வு பூமிக்குள் நொடிக்கு எட்டு கிலோமீட்டர் போல ஓடும். அலை ஆழ்கடலில் ஜெட் விமான வேகத்தில், மணிக்கு 700, 800 கிலோமீட்டர்தான். முன்னதை வைத்துப் பின்னதைப் பிடிக்க வேண்டும். ஆனால் எல்லா நிலநடுக்கமும் அலை எழுப்பாது. அதனால் கடலடியில் அழுத்தமானிகளை இறக்கி வைத்திருக்கிறார்கள். மேலே நிற்கும் தண்ணீரின் பாரம் கொஞ்சம் கூடினாலும் அது மிதவைக்குச் சொல்லும். மிதவை செயற்கைக்கோளுக்குச் சொல்லும். கரையோர அலைமானிகளும் சேர்ந்துகொள்ளும். பிறகு மூன்று வகை அறிவிப்பு: கரையை விட்டு வெளியேறு, கடற்கரைக்குப் போகாதே, அதிகாரிகள் மட்டும் கவனித்திரு.

2012 ஏப்ரல் 11 பிற்பகலில் இதற்குச் சோதனை வந்தது. சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவு. எட்டு நிமிடத்தில் ஹைதராபாத் முதல் அறிவிப்பைக் கொடுத்தது. அந்த முறை கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் நகர்ந்தனவே தவிர, தண்ணீரைத் தூக்கவில்லை. சாயங்காலம் எச்சரிக்கை விலக்கப்பட்டது. ஆனால் அதற்குள் கடற்கரை ஊர்களில் ஓடிய ஓட்டமும், செல்போன் லைன் கிடைக்காமல் பட்ட பாடும் பலருக்கு நினைவிருக்கும். ஹைதராபாத் தன் பங்கை முடித்துவிட்டது. புன்னைக்காயலில் வலை பின்னிக்கொண்டிருப்பவருக்கு அது எப்படி வந்து சேர்கிறது என்பது வேறு பாதி.

இந்த இரண்டாவது பாதிக்கு இந்தோனேசியாவின் சிமெலு தீவைச் சொல்வார்கள். 1907-இல் அங்கே ஒரு சுனாமி. அதைப் பாட்டிமார் ‘ஸ்மோங்’ என்ற பெயரில் பாட்டாகவும் கதையாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் நெடுநேரம் ஆடினால் மலைக்கு ஓடு. 2004-இல் எழுபதாயிரத்துக்கு மேல் ஜனம் உள்ள அந்தத் தீவில் இறந்தது ஏழு பேர். அருமையான விஷயம். ஆனால் நமக்கு அது அப்படியே பொருந்தாது. சுமத்ராவில் ஆடுவது மணப்பாட்டில் யாருக்கும் உறைக்காமலே போகலாம். நம் கரைக்கு முதல் தகவல் வெளியில் இருந்துதான் வந்தாக வேண்டும். ஒடிசாவில் வெங்கட்ராய்ப்பூர், நோலியாசாஹி என்ற இரண்டு கடலோர ஊர்கள் வழிப்பலகை, ஒத்திகை எல்லாம் செய்து 2020-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்கியிருக்கின்றன.

2004-லேயே அப்படிச் சேதி போய்ச் சேர்ந்த ஊர் ஒன்று நம் பக்கமே உண்டு. புதுச்சேரி அருகே நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் போட்டார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே ஒரு கிராம அறிவு மையம் வைத்திருந்தது. ஊரார் அதன் பூட்டை உடைத்து உள்ளே போய் மைக்கைப் போட்டுக் கத்தினார்கள். சுமார் 3,600 பேர் தப்பினார்கள். மீன் விலையும், மறுநாள் கடலில் அலை எவ்வளவு உயரம் இருக்கும் என்பதும் சொல்வதற்காக வைத்திருந்த ஒலிபெருக்கி அது.