கூத்து மேடையும் எமது கடமையும்



ஆலய வரலாறு எழுதுவோர் அடிக்கல்லையும் மணிக்கூண்டையும் பங்குத்தந்தையரின் வரிசையையும் எழுதுவர். கோவில் வளவில் நின்ற கூத்து மேடையை எழுதுவோர் அரியர். ஆயினும் மன்னார்க் கிராமங்களிலே எழுத்தறியாத எம் முன்னோருக்கு வேதாகமத்தையும் புனிதர் சரிதைகளையும் கற்பித்த பள்ளிக்கூடம் அம்மேடையே எனில் மிகையாகாது.

காலபோக அறுவடை முடிந்து, சூடு மிதித்து, நெல் வீடு வந்ததும் கோடை தொடங்கும். மழை ஓய்ந்த அந்நாட்களில் திறந்த வெளியிலே பாய் விரித்து, குழந்தைகளை மடியில் உறங்கவிட்டு, விடியும்வரை மக்கள் கூத்துப் பார்ப்பர். அண்ணாவியார் பாட, மத்தளமும் தாளமும் முழங்கும். பெண் வேடங்களையும் ஆண்களே தாங்குவர். இக்கூத்தில் இரு பாங்குகள் உண்டு: யாழ்ப்பாணப் பாங்காகிய வடபாங்கு ஒன்று, மாதோட்டப் பாங்காகிய தென்பாங்கு மற்றொன்று. விரிவாகப் பாடி ஆடப்படுவது நாடகம். அதைச் சுருக்கி, வசனம் சேர்த்து, ஓரிரவில் முடிப்பது வாசகப்பா. மக்கள் வாயில் அது ‘வாசாப்பு’ ஆயிற்று.

பாலன் இயேசுவைத் தேடிவந்த மூவிராசாக்களும், வெட்டுண்ட கரங்களைத் தேவதாயின் அருளால் மீளப்பெற்ற ஞானசவுந்தரியும் இம்மேடைகளில் வாழ்ந்தனர். ‘எண்டிறீக்கு எம்பரதோர்’ என்ற நாடகப் பெயரைப் பாருங்கள். எம்பரதோர் என்பது பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல். அந்த ஒரு சொல்லிலேயே எமது கரையின் பழைய வரலாறு அடங்கியுள்ளது.

ஏடுகளிலும் கொப்பிகளிலும் கிடந்த இவற்றைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் தேடிப் பதிப்பித்தார். எண்டிறீக்கு எம்பரதோர் 1964 இலும், மூவிராசாக்கள் 1966 இலும், ஞானசவுந்தரி 1967 இலும் அச்சேறின. அச்சேறியவை பிழைத்தன. 1990 இல் போர் மீண்டும் மூண்டபோது மக்கள் மடுவுக்கும் இந்தியாவுக்கும் ஓடினர். பிள்ளையைத் தூக்குவதா, கொப்பியைத் தூக்குவதா? பெற்றோர் பிள்ளையையே தூக்கினர். அதில் குறை காண்பார் யார்?

ஆனால் எல்லாப் பழியையும் போரின்மேல் சுமத்துதல் நீதியன்று. நாம் இளங்குருவாய் இருந்த காலத்தில், வேறொரு பங்கிலே, முதிய அண்ணாவியார் ஒருவர் திருநாளுக்குக் கூத்துப் போட உத்தரவு கேட்டு வந்தார். குருமடத்துப் படிப்பின் மிடுக்கில், “இரவு முழுவதும் விழித்தால் காலைப் பூசைக்கு யார் வருவார்? ஒரு மணி நேர நாடகம் போதும்” என்றோம். “சரி சுவாமி” என்று தலை குனிந்து போனார். அடுத்த ஆண்டு கேட்க அவர் இல்லை. அவரோடு அவர் நெஞ்சில் இருந்த பாட்டுகளும் அடக்கமாயின. அப்பிழை எமதே.

ஆகையால் இந்த யூபிலி ஆண்டில் ஒரு விண்ணப்பம். வீட்டிலுள்ள பழைய கொப்பிகளை, கறையான் தின்றவையாயினும், பங்குமனைக்குக் கொண்டு வாருங்கள். பிரதி எடுத்துத் திருப்பித் தருவோம். இளைஞரே, கைப்பேசியோடு உங்கள் அப்பு, ஆச்சியின் அருகில் அமருங்கள். யார் எந்த வேடம் கட்டினார், எந்த மெட்டில் பாடினார், மேடை எத்திசை பார்த்து நின்றது என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அரைப் பாட்டாயினும் போதும். மறுபாதி அயல் வீட்டில் இருக்கக்கூடும்.

மேடை மண்ணோடு மண்ணாகலாம். பாட்டு அவ்வாறு ஆகாதிருக்க இறைவன் அருள் புரிவாராக.