உலகநாச்சியின் கூந்தலும் கிராகோவ் அறிஞரும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலுக்கு ஒரு தோற்றக் கதை உண்டு. கலிங்கத்து இளவரசி உலகநாச்சி புத்தரின் தந்தத்தைக் கூந்தலுக்குள் மறைத்துக் கொண்டுவந்து சிங்கள மன்னனிடம் சேர்க்கிறாள். மகிழ்ந்த மன்னன் மட்டக்களப்பில் நிலம் கொடுக்கிறான். பிறகு வேடன் ஒருவன் கொக்கட்டி மரத்தை வெட்டப்போய், இரத்தம் பெருகக் கண்டு சேதி சொல்ல, லிங்கம் வெளிப்பட்ட அந்த இடத்தில் அவள் கோயில் எடுப்பிக்கிறாள். கூந்தல் சங்கதி பாளி மொழித் தாதாவம்சத்திலும் இருக்கிறது. அங்கே தந்தத்தைக் கொண்டுவருபவள் ஹேமமாலை. இரவல் கதை என்று இதைத் தள்ளிவிடுவது சுலபம். தள்ளாமல் வாசிக்க ஒரு போலந்து அறிஞரின் ஆய்வு வழிகாட்டுகிறது. ஆனால் அதைத் திருத்திக்கொண்டால்தான் இங்கே பயன்படும் என்பது என் கட்சி.

அந்த அறிஞர், மானிடவியலாளர் புரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி, 1884இல் கிராகோவில் பிறந்தார். அப்போது போலந்து என்றொரு அரசே கிடையாது. 1795இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டு முடித்திருந்தன. 1918இல்தான் அது மீண்டது. அதனால் அவர் கையில் இருந்தது ஆஸ்திரியக் குடியுரிமை. 1914இல் இலங்கை வழியாக ஆஸ்திரேலியா போன சமயம் முதல் உலகப்போர் மூள, பிரித்தானிய ஆட்சியின் கண்ணில் அவர் எதிரி நாட்டார் ஆனார். போர்க்காலத்தில் டிரோபிரியாண்ட் தீவுகளில் செய்த ஆய்விலிருந்து அவர் 1926இல் வெளியிட்ட கருத்து இதுதான்: தொன்மக் கதை பழங்கால வினோதமல்ல, இன்றைய உரிமைகளுக்கான சாசனம். அரசை இழந்து கதைகளால் தம்மைக் காத்துக்கொண்ட ஒரு மக்களிடையே பிறந்ததால் இது அவருக்குத் தோன்றியதோ என்று கேட்கத் தோன்றும். அது ஊகம், அதற்குமேல் நான் போகவில்லை. லண்டனில் அவரிடம் பயின்ற எட்மண்ட் லீச் 1954இல் அனுராதபுரப் பக்கத்துப் புல் எலியக் கிராமத்தை ஆராய்ந்தார். லீச்சின் மாணவர் நூர் யால்மன் கிழக்குக் கரையின் தாய்வழிக் குடிமுறையையும் எழுதினார். லீச் 1960இல் சாதி பற்றிய தொகுதியொன்றைப் பதிப்பித்த அதே கேம்பிரிட்ஜ் வரிசையில்தான் 1982இல் மட்டக்களப்பு முக்குவர் வன்னிமை பற்றிய டெனிஸ் மக்கில்வ்ரேயின் கட்டுரையும் வந்தது.

இந்த வழியில் உலகநாச்சியைப் பார்த்தால் கதை ஏன் இப்படி அமைந்தது என்பது விளங்கும். தந்ததாது கண்டி அரசுரிமையின் அடையாளமாக இருந்தது. 1602இல் ஒல்லாந்தரான ஸ்பில்பெர்கன் மட்டக்களப்பில் இறங்கி, இங்கிருந்துதான் கண்டி மன்னனைக் காணப் போனார். இக்கரைத் தலைவர்கள் கண்டிக்குத் திறை கொடுத்து வாழ்ந்தவர்கள். அப்படிப்பட்டவர்கள், அந்தத் தாதுவே எங்கள் இளவரசியின் கூந்தலில் வந்தது, நிலம் அதற்கு ஈடாகக் கிடைத்தது என்று சொன்னால், அதில் பணிவும் உண்டு, நிமிர்வும் உண்டு. உள்ளூரிலும் கதை பங்கு பிரிக்கிறது. கண்டவன் வேடன், எடுப்பித்தவள் அரசி. பூசை வீரசைவக் குருக்கள்மார் கையில், நிருவாகம் வண்ணக்கர்மார் கையில், திருவிழா உபயங்கள் குடிகளின் கையில். இக்கோயிலை இடிக்க வந்த பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், இங்குள்ள கல்நந்தி புல் தின்றதைக் கண்டு பின்வாங்கிய கதையும் இப்படித்தான். மட்டக்களப்பில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டியது 1628. ஒல்லாந்தரிடம் அதை இழந்தது 1638. பத்தே வருடம்! ஆனால் அதற்குச் சற்று முன்னர்தான் திருகோணமலைக் கோணேசர் கோயிலை அவர்கள் இடித்திருந்தார்கள். இடிபடாத கோயிலுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது.

பக்தர்கள் நம்பும் ஒன்றைச் சொத்துப் பத்திரமாகச் சுருக்குகிறீர்களே என்று கேட்பார்கள். சுருக்கவில்லை, நம்பிக்கை இருப்பதனால்தான் அது பத்திரமாகவும் செல்லுபடியாகிறது. இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. சாசனம் என்றால் எல்லாரும் ஒப்புக்கொண்டது என்றாகிவிடும். மட்டக்களப்பில் முன்னீடு, வரிசை என்ற கோயில் மரியாதைகளுக்காகக் குடிகள் பிணங்காத கோயில் எது? இங்கே மலினோவ்ஸ்கி தடுமாறுகிறார், லீச் கைகொடுக்கிறார். பர்மா மலைநாட்டைப் பற்றிய 1954ஆம் ஆண்டு நூலில் அவர் தொன்மத்தை வழக்காடும் மொழியாகவே கண்டார். ஒவ்வொரு குடியும் தன் கட்சிக்கு ஏற்றபடி கதையைச் சொல்லும். பாடபேதங்களைப் பிழை என்று திருத்தாமல் சாட்சிகளாகக் கொள்ள வேண்டியது அதனால்தான். இன்னொரு குறையும் உண்டு: கதையின் இன்றைய பயனையே பார்த்த மலினோவ்ஸ்கி அதன் கடந்தகாலத்தை ஏறக்குறைய கைவிட்டார். லீச் புல் எலியவில் பழைய காணி, வரிப் பதிவேடுகளைப் புரட்டியது அதற்கு மாற்று.

அந்நியக் கோட்பாடு நமக்கெதற்கு என்பாரும் உளர். 1962இல் எஃப். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார், 1964இல் வீ. சீ. கந்தையா மட்டக்களப்புத் தமிழகத்தை எழுதினார். அவர்கள் சேர்த்துத் தராவிட்டால் எந்தக் கோட்பாடும் இங்கே வெறுங்கைதான். கதைக்குப் பஞ்சமில்லை, அதோடு பொருத்திப் பார்க்கத் தேதியிட்ட ஆவணங்கள்தான் போதாது. கோயில் கணக்கேடுகளையும், குடும்பங்களின் பெட்டிகளில் கிடக்கும் கல்வெட்டுப் பாடல் ஏடுகளையும், வழக்குத் தாள்களையும் வைத்திருப்பவர்கள், கறையான் முந்துவதற்குள் அவற்றைப் படம்பிடிக்கவாவது இடங்கொடுக்க வேண்டும்.