கம்ப்யூட்டர் ஆன் ஆகவில்லையா? ஃபார்மட் செய்வதற்கு முன் அறிய வேண்டியவை



பனியன் கம்பெனி அலுவலகம், பவர் டேபிள் யூனிட், காதர்பேட்டைக் கடை, பள்ளிவாசல் ஜமாஅத் அலுவலகம், ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளையின் மேஜை என்று நம் திருப்பூரில் கம்ப்யூட்டர் இல்லாத இடம் குறைவு. ஒரு நாள் காலையில் அது ஆன் ஆகாமல் நின்றுவிட்டால் நம்மில் பலர் வாயில் முதலில் வருவது, "ஃபார்மட் போட்டுடலாம்" என்ற சொல்தான். பெரும்பாலான நேரங்களில் அதற்குத் தேவையே இருப்பதில்லை. தேவைப்பட்டாலும் அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை.

இதை மார்க்கம் பேசும் பக்கத்தில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். டெய்லர்களின் பீஸ் ரேட் கணக்கு, சனிக்கிழமை கொடுக்க வேண்டிய சம்பளம், ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிய துணியின் டெலிவரி சலான், நாம் தர வேண்டிய பாக்கி, நமக்கு வர வேண்டிய பாக்கி, ஜகாத் கணக்கு, ஜமாஅத்தின் சந்தா, நிகாஹ் பதிவுகள். அல்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுத்தில் பதிவு செய்வது பற்றியே பேசுகிறது. எழுதி வைத்தது அழிந்தால், அதை வைத்துத் தன் உரிமையைக் கேட்க வேண்டியவர்தான் நஷ்டப்படுகிறார். ஆகவே கம்ப்யூட்டரில் உள்ள கணக்கு நம்மிடம் உள்ள அமானத். அதைக் காப்பாற்றிய பிறகே மெஷினைப் பற்றிய பேச்சு.

எந்தப் படியில் நின்றது?

பவர் பட்டனை அழுத்தியதும் வேலைகள் வரிசையாக நடக்கின்றன. முதலில் மின்சாரம் மதர்போர்டுக்குச் செல்கிறது. அடுத்து பயாஸ் (புதிய மெஷின்களில் யுஇஎஃப்ஐ) ரேம், டிஸ்ப்ளே போன்ற பாகங்களைச் சோதிக்கிறது. பிறகு எந்த டிஸ்க்கில் விண்டோஸ் இருக்கிறது என்று தேடுகிறது. கடைசியாக விண்டோஸ் ஏறுகிறது. எந்தப் படியில் நின்றது என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

லைட்டும் ஃபேனும் இல்லை என்றால் கோளாறு மின்சாரத்தில். ஃபேன் ஓடியும் திரை கறுப்பாகவே இருந்தால், அல்லது பீப் சத்தம் கேட்டால், ரேம் அல்லது டிஸ்ப்ளேயில். கம்பெனி லோகோ வந்து, பூட் டிவைஸ் இல்லை என்ற செய்தி வந்தால் டிஸ்க்கில். விண்டோஸ் சுற்றிக்கொண்டே இருந்தால், அல்லது நீலத் திரை வந்தால், பெரும்பாலும் சாஃப்ட்வேரில் அல்லது டிரைவரில். விண்டோஸை மறுபடி போடுவதால் பலன் கிடைக்க வாய்ப்புள்ளது இந்தக் கடைசி வகையில் மட்டும்தான். முதல் மூன்று வகைக்கு ஃபார்மட் மருந்தே அல்ல.

மின்சாரமும் பஞ்சும்

முதலில் பிளக், ஸ்விட்ச், யுபிஎஸ் மூன்றையும் பாருங்கள். யுபிஎஸ்ஸைத் தவிர்த்து நேராக வேறொரு பிளக்கில் போட்டுப் பாருங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றி, பேட்டரி தனியாக வருவதாக இருந்தால் அதையும் எடுத்துவிட்டு, பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பிறகு சார்ஜரை மாட்டி ஆன் செய்தால் பல லேப்டாப்கள் எழுந்துவிடும்.

நம் ஊரின் தனிப் பிரச்சினை பஞ்சுத் தூசி. நிட்டிங், கட்டிங், செக்கிங் நடக்கும் இடத்தில் இருக்கும் சிபியுவைத் திறந்தால் பிராசஸர் ஃபேனுக்கு அடியில் பஞ்சு மெத்தை போலப் படிந்திருக்கும். சூடு வெளியேற வழியில்லாமல், ஆன் ஆன சில நிமிடங்களில் மெஷின் தானாக நின்றுவிடும். விண்டோஸை நிறுவும்போது பாதியில் நின்றுபோவதற்கும் இது ஒரு காரணம். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஃபேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷாலும் புளோயராலும் சுத்தம் செய்யுங்கள். யூனிட்டில் உள்ள கம்ப்ரஸர் காற்றை நேராக அடிக்க வேண்டாம். அதில் ஈரம் இருக்கும், அழுத்தமும் அதிகம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும்.

பீப் சத்தம் வந்தால் பிளக்கைக் கழற்றி, ரேமை எடுத்து, அதன் தங்க நிற விளிம்பைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, மறுபடி அழுத்தமாகப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது பழுது என்று தெரிந்துவிடும்.

தேதி பழைய வருடத்துக்குப் போய்விடுகிறதா? மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். தேதி தவறாக இருந்தால் ஜிஎஸ்டி, பேங்க் போன்ற இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். இதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் செய்தவர்களும் உண்டு. பேட்டரியை மாற்றினால் போதும்.

டிஸ்க் தெரியவில்லை என்றால்

முதலில் சொருகியிருக்கும் பென்டிரைவ்களை எல்லாம் எடுத்துவிடுங்கள். சில மெஷின்கள் அதில் விண்டோஸைத் தேடி நின்றுவிடும். அடுத்து, ஆன் ஆகும்போது எஃப்2 அல்லது டெலீட் பட்டனை அழுத்தி பயாஸுக்குள் சென்று, டிஸ்க்கின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் இருந்தால் பூட் வரிசையைச் சரிசெய்தால் போதும். பெயரே இல்லையென்றால் கேபிள் கழன்றிருக்கலாம் அல்லது டிஸ்க் பழுதாகியிருக்கலாம்.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து டிக், டிக் என்று சத்தம் வந்தால் உடனே மெஷினை ஆஃப் செய்துவிடுங்கள். மறுபடி மறுபடி ஆன் செய்தால், மீட்க முடிந்த டேட்டாவும் போய்விடும். அதில் முக்கியமான கணக்கு இருந்தால் டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொடுப்பதே சரி.

விண்டோஸ் பாதியில் நின்றால்

விண்டோஸ் 10, 11 இரண்டும் சில முறை தொடர்ந்து ஏற முடியாமல் போனால் தாமாகவே பழுதுநீக்கும் திரைக்குச் செல்லும். அங்கே ஸ்டார்ட்அப் ரிப்பேர், அப்டேட்டை நீக்குதல், சிஸ்டம் ரிஸ்டோர், சேஃப் மோடு ஆகியவை இருக்கும். இவை எதுவும் உங்கள் ஃபைல்களை அழிப்பதில்லை. இந்த வரிசையிலேயே முயன்று பாருங்கள். அதே இடத்தில் உள்ள ரீசெட் என்ற வழியை மட்டும் டேட்டாவைக் காப்பி எடுக்கும் வரை தொட வேண்டாம்.

2024 ஜூலை 19 அன்று உலகம் முழுவதும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். காரணம், கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய பிழையான ஒரு ஃபைல். சேஃப் மோடில் சென்று அந்த ஒரு ஃபைலை நீக்கியதும் மெஷின்கள் எழுந்தன. நீலத் திரை வந்துவிட்டால் எல்லாம் போயிற்று என்று பொருளல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் வேண்டாம்.

ஃபார்மட்டுக்கு முன்

இதற்குப் பிறகும் சரியாகவில்லை என்றால், வேறொரு கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்யுங்கள். இரண்டும் இலவசம். அதிலிருந்து மெஷினை ஆன் செய்து, நிறுவாமலேயே இயக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தால், விண்டோஸ் ஏறாத மெஷினிலும் டிஸ்க்கைத் திறந்து ஃபைல்களை வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுக்கலாம்.

டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், போட்டோக்கள் ஆகியவை எல்லோருக்கும் நினைவிருக்கும். மறந்துபோவது வேறு. டேலியின் டேட்டா ஃபோல்டர் பெரும்பாலும் சி டிரைவில்தான் இருக்கும். டேலி பிரைமில் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் அதன் இடம் காட்டப்படும். மெஷின் நன்றாக இருக்கும்போதே குறித்து வையுங்கள். அடுத்தது தமிழ் ஃபாண்ட். ஜமாஅத்தின் பழைய கடிதங்களும் மதரஸா வினாத்தாள்களும் பாமினி, வானவில் போன்ற ஃபாண்ட்களில் இருந்தால், ஃபார்மட் செய்த பிறகு அவை பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். விண்டோஸில் உள்ள ஃபாண்ட்ஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் காப்பி எடுங்கள்.

காப்பி எடுத்ததை வேறொரு மெஷினில் திறந்து பார்த்த பிறகே ஃபார்மட் செய்ய வேண்டும்.

கடையில் கொடுக்கும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். குடும்பப் பெண்களின் போட்டோக்கள் உள்ள லேப்டாப்பை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள். முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள், அல்லது வேலை முடியும் வரை உடன் இருங்கள். சர்வீஸ் தொழிலில் உள்ள நம் இளைஞர்களும், வாடிக்கையாளரின் ஃபைலைத் தேவையின்றித் திறப்பது அமானத்துக்கு மோசடி என்பதை மறக்கக் கூடாது.

நிறுவும்போது வரும் தடைகள்

விண்டோஸை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிக்கொள்ளலாம். குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் வேண்டும். விண்டோஸ் 8 காலத்துக்குப் பிறகு, விண்டோஸுடன் வாங்கிய லேப்டாப்களில் லைசென்ஸ் பெரும்பாலும் மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். அதே வகை விண்டோஸைப் போட்டு இணையத்தில் இணைத்தால் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும், கிராக் தேவையில்லை.

டிஸ்க் எதுவும் காட்டவில்லை என்றால், இன்டெல் 11-ஆம் தலைமுறை முதலான பல லேப்டாப்களில் ஸ்டோரேஜ் டிரைவரைத் தனியாக ஏற்ற வேண்டியிருக்கும். லேப்டாப் கம்பெனியின் தளத்தில் அது கிடைக்கும். ஜிபிடி, எம்பிஆர் என்று சொல்லி நிறுவ மறுத்தால், பென்டிரைவைப் பழைய பயாஸ் முறையிலா யுஇஎஃப்ஐ முறையிலா பூட் செய்தோம் என்று பாருங்கள். முறையை மாற்றினால் சரியாகிவிடும். அங்கே பார்ட்டிஷன்களை அழித்துவிடாதீர்கள்.

48 இலக்க பிட்லாக்கர் எண்ணைக் கேட்டால் அது வைரஸ் அல்ல, டிஸ்க் பூட்டப்பட்டுள்ளது. லினக்ஸ் பென்டிரைவில் பார்த்தாலும் அந்த எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். இன்றே எடுத்துக் காகிதத்தில் எழுதி வையுங்கள். அது இல்லையென்றால் டேட்டா திரும்பாது.

பழைய மெஷினை என்ன செய்வது?

விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0, செக்யூர் பூட் வசதி, 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் தேவை. இன்டெல்லில் பொதுவாக 8-ஆம் தலைமுறைக்கு முந்தையவை தகுதி பெறா. எம்ப்ராய்டரி, கலர் மேட்சிங் மெஷின்களோடு இணைந்த பழைய கம்ப்யூட்டர்களை, மெஷின் கொடுத்தவரிடம் கேட்காமல் மாற்றக் கூடாது. அவற்றை இணையத்தில் இணைக்காமல் வைத்திருப்பதே பாதுகாப்பு.

கிராக் போட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம். 1988-இல் குவைத்தில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, படைப்புரிமையும் கண்டுபிடிப்புரிமையும் ஷரீஅத் பாதுகாக்கும் உரிமைகள், அவற்றை மீறுவது கூடாது என்று தீர்மானித்தது. அதோடு, கிராக் போடும்போது ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பது அதுதான். பிள்ளைகளின் படிப்புக்கும் ஜமாஅத் கடிதங்களுக்கும் லினக்ஸ் போதும். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் இலவச மடிக்கணினிகளிலேயே விண்டோஸுடன் சேர்ந்து வந்தது. ஆனால் டேலி லினக்ஸில் நேரடியாக ஓடாது. கணக்கு எழுதும் மெஷினுக்கு முறையான விண்டோஸ் வாங்குவதே நல்லது.

வாரம் ஒரு காப்பி

சனிக்கிழமை சம்பளம் போட்டு முடித்ததும் டேலி டேட்டாவை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்து, உடனே கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்திருந்தால் ரேன்சம்வேர் அதையும் பூட்டிவிடும். அந்த டிஸ்க்கை யூனிட்டில் வைக்காமல் வீட்டுக்குக் கொண்டு செல்லுங்கள். துணியும் பஞ்சும் உள்ள இடத்தில் தீ விபத்துக்கான அச்சம் எப்போதும் உண்டு.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் நம்முடையது. பிறருடைய உரிமைகள் பதிந்துள்ள கணக்குகளைப் பேணிக் காக்க அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.