ரேஷன் கடைக்குத் திரும்பி வந்த கேழ்வரகு

கோடை விடுமுறைக்குத் தருமபுரி பக்கம் போகிறவர்கள் மாம்பழத்தோடு கேழ்வரகு மாவும் கொஞ்சம் வாங்கி வாருங்கள்.

அதியமான் ஆண்ட தகடூர்தான் இன்றைய தருமபுரி. 1792-இல் பாராமகால் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு மாறியது. ரீடும் தாமஸ் மன்றோவும் வரி போட நிலம் அளந்தார்கள். பெரும்பாலும் மானாவாரிப் புன்செய். வானம் பார்த்த அந்த மண்ணில் கேழ்வரகும் சாமையும்தான் தாக்குப்பிடித்தன. நெல்லுச்சோறு பண்டிகைக்கு, அன்றாடம் களி, கூழ்.

பிறகு ரேஷன் அரிசி வந்தது. பசி தீர்ந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் களி கிண்டும் வீடுகள் குறைந்தன, கேழ்வரகு விதைப்பதும் குறைந்தது. 2023-இல் அரசே தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் 2 கிலோ அரிசிக்குப் பதில் 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. நாம் வாங்கிச் சமைத்தால்தான் உழவர் மறுபடி விதைப்பார்.

கூழுக்கு மாவை முந்தின இரவே கரைத்துப் புளிக்க வையுங்கள். காலையில் அரிசி நொய் வெந்து கொதிக்கும்போது ஊற்றிக் கட்டிதட்டாமல் கிளறுங்கள். ஆறியதும் மோர், உப்பு, சின்ன வெங்காயம். 100 கிராம் கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து 340 மில்லிகிராமுக்கு மேல். பிள்ளைகள் முதல் நாள் முகம் சுளிக்கும். மிளகாய்த்தூள் தூவிய மாங்காய்க் கீற்றைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மறுநாள் டம்ளரை நீட்டும்.