பெற்றோர் சிறையில் இருந்தாலும் பிள்ளையின் சுகாதார உரிமை சிறைப்படுவதில்லை

கடந்த வருடம் வன்னியில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தேன். தாய் விளக்கமறியலில். மூன்றரை வயதுப் பேத்தியை அம்மம்மா வளர்க்கிறார். மூன்று வயதில் போடவேண்டிய எம்எம்ஆர் தடுப்பூசி பிள்ளைக்கு இன்னும் போடப்படவில்லை.

"கிளினிக் கொப்பியைத் தாய் எங்க வச்சவளோ தெரியேல்ல. கொப்பி இல்லாமல் போனால் தாய் எங்க எண்டு எல்லாருக்கும் முன்னால கேப்பினம். அந்த வெக்கத்தில போகேல்ல, பிள்ளை" என்றார் அந்த அம்மா.

கைதும் தடுப்புக்காவலும் எங்கள் சமூகத்துக்குப் புதியவை அல்ல. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவரைத் தடுப்புக் கட்டளையில் 18 மாதங்கள் வரை வைத்திருக்க முடிந்தது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் அதை 12 மாதங்களாகக் குறைத்தது. ஒரு குழந்தைக்கு 2, 4, 6, 9, 12ஆம் மாதங்களில் தடுப்பூசிகள் உள்ளன. பெரியவர்களின் வழக்கு நகரும் வேகத்துக்காக அந்த மாதங்கள் காத்திருப்பதில்லை.

இலங்கை 1991ஆம் ஆண்டு சிறுவர் உரிமைகள் சமவாயத்தை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆவது உறுப்புரை ஒவ்வொரு பிள்ளைக்கும் இயன்றளவு உயர்ந்த சுகாதாரத்துக்கான உரிமையை வழங்குகிறது. பெற்றோரின் நிலை, செயல், கருத்து என்பவற்றுக்காகப் பிள்ளையைப் பாகுபடுத்தவோ தண்டிக்கவோ கூடாது என்கிறது 2ஆவது உறுப்புரை. பெற்றோரைப் பிரிந்திருக்கும் பிள்ளை, தன் நலனுக்குப் பாதகமில்லாதவிடத்து, அவர்களுடன் ஒழுங்காகத் தொடர்பு வைத்திருக்கும் உரிமையை 9ஆவது உறுப்புரை கூறுகிறது. தகப்பனைப் பார்க்கத் தொலைதூரச் சிறைக்குப் போய்வரும் பிள்ளைகளின் நித்திரையும் சாப்பாடும் எப்படிக் குழம்புகின்றன என்பதைக் கண்டவர்களுக்கு, இதுவும் சுகாதார விடயம்தான் என்பது புரியும்.

தாயுடன் சிறையிலேயே இருக்கும் குழந்தைகளும் உள்ளனர். இலங்கையில் ஐந்து வயது வரையான பிள்ளைகள் அவ்வாறு இருக்கலாம். 2010ஆம் ஆண்டு ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகளின்படி, அந்தப் பிள்ளைகளை ஒருபோதும் கைதிகளாக நடத்தக்கூடாது. உள்ளே வரும்போது மருத்துவப் பரிசோதனையும், பின்னர் தொடர்ச்சியான கவனிப்பும், வளர்ச்சிக் கண்காணிப்பும் கிடைக்க வேண்டும். தாய் சிறைக்கு வரும்போது அவளது பிள்ளைகளின் எண்ணிக்கை, வயது, யாருடைய பராமரிப்பில் உள்ளனர் என்பன பதியப்பட வேண்டும். பிள்ளைகளுக்கு ஒழுங்கு செய்ய அவளுக்கு அவகாசமும் தரப்பட வேண்டும். இவ்விதிகள் நாட்டுச் சட்டம் அல்ல. ஆனாலும் சிறை நிர்வாகத்திடமும் நீதிமன்றத்திடமும் சுட்டிக்காட்டக்கூடிய சர்வதேச அளவுகோல் இவை.

பிள்ளையை வளர்க்கும் உறவினர் என்ன செய்யலாம்?

கொப்பி தொலைந்தாலும் பகுதிக்குரிய குடும்பநல உத்தியோகத்தரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ விடயத்தைச் சொல்லுங்கள். தவறிய தடுப்பூசிகளைப் பற்றி அங்கேயே கேட்கலாம். தாய் இருக்குமிடத்தை வரிசையில் நின்று சொல்லத் தேவையில்லை. தனியாகப் பேசவேண்டும் என்று கேளுங்கள். பிள்ளை பயந்து எழும்புகிறது, படுக்கையில் சலம் போகிறது, பேச்சுக் குறைந்துவிட்டது என்றால் அதையும் மறைக்காமல் வைத்தியரிடம் கூறுங்கள். பராமரிப்புச் செலவு, பாதுகாப்பு தொடர்பாகப் பிரதேச செயலகத்தில் உள்ள சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்திக்கலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் இலக்கம் 1929. சிறைக்குள் இருக்கும் பிள்ளைக்கு மருந்தோ பாலோ மறுக்கப்பட்டால் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் 1996 இலக்கத்தில் முறையிடலாம்.

அந்த அம்மாவுடன் அடுத்த கிளினிக் நாளில் நானும் போனேன். குடும்பநல உத்தியோகத்தர் பிள்ளையின் பிறந்த திகதியைக் கேட்டார், பழைய பதிவைத் தேடி எடுத்தார், ஊசி போடப்பட்டது. தாயைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆறு மாதமாக அவர் பயந்திருந்த கேள்வி அது. இதே பயத்தில் இன்னும் வீட்டில் இருக்கும் அம்மம்மாமார் உங்கள் அயலிலும் இருக்கலாம்; அவர்களுடன் ஒருநாள் கிளினிக்குக்குப் போய் வாருங்கள்.