காமன் கதைக்கு உடையவர் யார்?

கற்பனை உலகொன்றைப் படைத்து, அதில் ஆளுக்கொரு வேடம் பூண்டு ஆடி, பின்னர் அக்கதையின் நியாய அநியாயங்களைப் பற்றி இரவிரவாக வாதிடுவது இன்றைய இளைஞர் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காக இருக்கிறது. மாணவர் இதனை மேனாட்டார் கண்ட புதுமை என்று கருதுகின்றனர். ஆசிரியரோ வேலையற்றோர் விளையாட்டு என்று ஒதுக்குகின்றனர். இரு சாராருமே தாம் வாழும் மண்ணின் சரித்திரத்தை மறந்துவிட்டனர் என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

மேனாட்டு ஆட்டத்தின் வரலாறு நீண்டதன்று. 1974ஆம் ஆண்டில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் இருவர் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற ஆட்டத்தை உருவாக்கி வெளியிட்டனர். ஒரு மேசையைச் சுற்றிச் சிலர் அமர்வர். ஒருவர் வீரனாவார், ஒருவர் மந்திரவாதியாவார், இன்னொருவர் கதையை நடத்திச் செல்வார். இக்கட்டு நேரும்போது பகடை உருட்டி முடிவு காண்பர். முன்கூட்டியே எழுதப்பட்ட முடிவு கிடையாது. ஆடுவோரே கதையை ஆக்குவோருமாவர் என்பதே அதன் சிறப்பு.

இதற்கு வெகுகாலம் முன்பே, மேசையும் பகடையும் இல்லாமல், திறந்த பொட்டலில், உழைத்துக் களைத்த மக்கள் நம் மலைநாட்டில் இதையொத்த உலகமொன்றைப் படைத்திருந்தனர். அதுவே காமன் கூத்து.

மலைநாட்டுத் தமிழரின் சரித்திரத்தில் மாத்தளை ஒரு தலைவாயில். 1830களில் பெருகத் தொடங்கிய கோப்பித் தோட்டங்களுக்காகத் திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை முதலிய பகுதிகளிலிருந்து பஞ்சமும் கடனும் துரத்த மக்கள் வந்தனர். மன்னார்க் கரையில் இறங்கி, காடும் வறட்சியும் நிறைந்த வடபாதை வழியே நடந்து, தம்புள்ளை கடந்து மாத்தளையை அடைந்தனர். வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் இரையாகி வழியிலேயே மடிந்தோர் அநேகர். மாத்தளைக்கு இருப்புப்பாதை வந்தது 1880இல்தான். அதற்குள் 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழிக்கத் தொடங்கிவிட்டது. பின்னர் தேயிலையும் றப்பரும் கொக்கோவும் வந்தன. பயிர் மாறியது, உழைப்போரின் நிலை மாறவில்லை.

நடந்து வந்த அம்மக்கள் மூட்டையில் கொண்டுவந்த பொருள் சொற்பம். நெஞ்சில் கொண்டுவந்த பொருளோ பெரிது. பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு, காமன் கூத்து ஆகிய மூன்றும் தோட்டங்களில் மீண்டும் முளைத்தன. மாசி மாதத்து மூன்றாம் பிறையன்று காமன் ஊன்றுவர். கூத்து வாத்தியார் பாட்டும் அடவும் பயிற்றுவார். விரதம் காத்த இளைஞர் மன்மதனும் ரதியும் தூதனும் வீரபத்திரனுமாவர். ரதி மதன் கல்யாணத்துக்குத் தோட்டமே உறவுக் கூட்டமாகிவிடும். பௌர்ணமியை ஒட்டி, விடிய விடிய ஆடி, சிவனின் நெற்றிக்கண்ணால் காமன் எரியும்போது ரதியின் புலம்பலோடு பார்த்து நிற்போரும் புலம்புவர். அங்கே ஆடுவோர் வேறு, பார்ப்போர் வேறு என்ற பிரிவு மிக மெலிந்தது.

இதனை வெறும் சடங்கு என்று தள்ளுதல் தகாது. தப்பொலி கேட்டு இருளிலேயே எழுந்து, பெரட்டுக்களத்தில் வரிசையாக நின்று, துரைக்கும் கங்காணிக்கும் பெயர்ப்பட்டியலில் ஓர் இலக்கமாக மட்டுமே இருந்தவன், அந்நாட்களில் தேவனாக நின்றான். அவனை வேலைக்கு விரட்டிய அதே தப்பு, இரவில் அவன் ஆட்டத்துக்குத் தாளமிட்டது. மேலும் கதையைக் கூர்ந்து நோக்குவோம். சிவனின் தவத்தைக் கலைக்கும்படி இந்திரன் ஆணையிடுகிறான். போகாதே என்று ரதி தடுக்கிறாள். மன்மதன் போகிறான், எரிகிறான். ஆணையிட்டவன் அரியணையில் இருக்கிறான். ஆணைக்குப் பணிந்தவன் சாம்பலாகிறான். தோட்டத்து மக்கள் இக்கதையை இத்துணை நெருக்கமாகப் பற்றிக்கொண்டதில் வியப்பில்லை என்றே நாம் கருதுகிறோம்.

இன்னும் முக்கியமான செய்தியொன்றுண்டு. தஞ்சையில் மராட்டியர் ஆண்ட 1676–1855 காலத்தில் வேரூன்றிய லாவணி என்னும் வாதப் பாட்டு, தமிழ்நாட்டில் காமன் பண்டிகையோடு இணைந்து வளர்ந்தது. காமன் எரிந்தான் என்று ஒரு கட்சி பாடும். எரியவில்லை என்று மறு கட்சி பாடும். சாம்பலைக் காட்டுவர் ஒரு சாரார். ரதியின் கண்ணுக்கு மட்டும் அவன் தெரிய வரம் கிடைத்ததே, எரிந்தவன் எவ்வாறு தெரிவான் என்று மடக்குவர் மறு சாரார். புராணம் பேசும், தருக்கம் பேசும், விடுகதை பேசும். ‘எரிந்த கட்சி, எரியாத கட்சி’ என்பது நம் மொழியில் முடிவுறாத வாதத்துக்கே பெயராயிற்று. அவ்வழக்கு முடியாமலே இருப்பதுதான் அதன் உயிர். தீர்ப்புச் சொல்லும் உரிமை எந்த ஜமீன்தாருக்கும் இல்லை. எந்த மடத்துக்கும் இல்லை. கேட்டு நின்ற மக்களே நீதிபதிகள்.

இக்கலைகளில் குறையே இல்லை என்று புகழ்வது ஆராய்ச்சியாகாது. ரதி வேடத்தையும் ஆண்களே கட்டினர்; கொழுந்து பறித்துத் தோட்டத்தைத் தாங்கிய பெண்ணுக்கு அரங்கில் இடமில்லை. தப்படித்தவனைச் சாதியின் பெயரால் தாழ்த்திய கொடுமையும் கப்பலேறி உடன்வந்தது. மக்கள் கலையை மதிப்பவர் இவற்றை மறைக்கலாகாது, களைய வேண்டும்.

இனி இன்றைய கற்பனை உலகங்களைப் பார்ப்போம். ‘ஸ்டார் வார்ஸ்’ கதையுலகை உடைய லூகாஸ் பிலிம் நிறுவனத்தை 2012இல் டிஸ்னி நிறுவனம் ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு வாங்கிற்று. 2014இல், அதுவரை பல்லாண்டுகளாக வெளிவந்திருந்த நாவல்களும் சித்திரக் கதைகளும் கதையின் உண்மை வரலாற்றில் சேரமாட்டா என்று அறிவிக்கப்பட்டது. எத்தனையோ வாசகர் நேசித்து வாதிட்ட கதைகள் ஓர் அறிவித்தலில் புறத்தே தள்ளப்பட்டன. எரிந்ததா, எரியவில்லையா என்ற வழக்கில் முதலாளியே எழுந்து நின்று தீர்ப்பளித்தால் எப்படியிருக்கும்? அதுவே நடந்தது.

மேசையாட்டத்தின் கதையும் இத்தகையதே. 1997இல் அது விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 1999இல் அந்நிறுவனத்தை ஹாஸ்ப்ரோ வாங்கிற்று. ஆட்டவிதிகளைப் பிறரும் எடுத்தாளலாம் என்று 2000ஆம் ஆண்டில் வழங்கப்பட்டிருந்த உரிமத்தை 2023 ஜனவரியில் இறுக்க முனைந்தபோது, ஆடுவோர் பல்லாயிரவர் கையொப்பமிட்டு எதிர்த்தனர், சந்தாவை நிறுத்தினர். அம்மாதமே நிறுவனம் பின்வாங்கியது; அடிப்படை விதிகளை எவரும் பயன்படுத்தக்கூடிய பொது உரிமத்தின் கீழ் விட்டது. நுகர்வோர் என்று எண்ணப்பட்டோர், தாமே கதையின் பங்காளிகள் என்பதை நிலைநாட்டினர். இதனைச் சிறு வெற்றி என்று நாம் கொள்ளமாட்டோம்.

காமன் கதையை எவரும் விலைக்கு வாங்கவில்லை. ஆனால், அதை ஆடிய மக்களையே சட்டம் சிதறடித்தது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கிற்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னொரு பேச்சுக்கு ஒத்திவைத்தது. அம்மக்களை எவரும் கேட்கவில்லை. அண்ணன் ஒரு நாட்டவன், தம்பி மறு நாட்டவன் என்றானபின், தலைமுறையாக ஒரு வேடத்தைத் தாங்கிய குடும்பம் எங்ஙனம் நிலைக்கும்? நாடற்ற நிலையை முடிக்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. சி. வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தேடித் தொகுத்தமையால் ஒரு பகுதி காக்கப்பட்டது. பாட்டை ஏட்டில் காக்கலாம். வாதிடும் ஊரை ஏட்டில் காத்தல் இயலாது.

ஆகவே ஆசிரியத் தோழருக்கு நாம் கூறுவது இது: மாணவன் கையிலுள்ள மேனாட்டுக் கதையைப் பிடுங்காதீர். அவன் பாட்டனும் வேடம் கட்டியவன், வழக்காடியவன் என்பதைச் சொல்லிக்கொடுங்கள். வகுப்பறையில் இரு கட்சி பிரித்துக் காமனை எரித்தும் காத்தும் வாதிடச் செய்யுங்கள். ரதிக்காக மாணவியரே பேசட்டும். மாணவருக்கு நாம் கூறுவது இது: எந்தக் கதையை நேசித்தாலும், இதன் உடைமை யார் கையில், தீர்ப்பு யார் வாயில் என்று கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்கப் பழகியவன் கதையோடு நிற்கமாட்டான். தான் கொழுந்து பறிக்கும் மலை யாருடையது என்றும் கேட்பான்.